இரண்டு குதிரையும் அம்பாசடரும்

தெருவில் யார் கார் வாங்குவதாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. எனக்குக் கார்ப் பைத்தியம் என்பது எல்லோருக்கும் தெரியும். "எந்த வண்டி சார் வாங்கலாம்?" என்கிறார்கள். கையில் போனை நீட்டி நாற்பது வண்டிகளின் படத்தைக் காட்டுகிறார்கள். நிறம் ஏழு, மாடல் ஐந்து, சனிக்கிழமை பணம் கட்டினால் அடுத்த மாதம் வண்டி. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. எங்கள் காலத்தில் எந்த வண்டி என்று யாரும் கேட்டதில்லை. என்றைக்கு வரும் என்று கேட்டோம்.

கேட்டு வாங்கும் உரிமை எப்படி வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு வண்டிகளை எடுத்துக் கொள்கிறேன். ஒன்று பிரான்சின் சித்ரோவன் கம்பெனி செய்த தெ ஷ்வோ, அதாவது 'இரண்டு குதிரை'. மற்றது நம் அம்பாசடர். இரண்டையும் ஜனங்கள் வருடக்கணக்கில் காத்திருந்துதான் வாங்கினார்கள். ஆனால் காத்திருப்பும் காத்திருப்பும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

முதலில் இரண்டு குதிரை. புதுச்சேரிக்காரர்களில் என் வயதுக்காரர்கள் சிலர் இதைப் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 1964 வாக்கில் கணக்கு சொல்லிக் கொடுத்த முசியே ஒருவர் பிரான்சிலிருந்து ஒன்றைக் கப்பலில் கொண்டு வந்திருந்தார். சாம்பல் நிறம். பக்கவாட்டில் பார்த்தால் நத்தை. கூரை கித்தான் துணி. சுருட்டி வைத்தால் வானம் தெரியும். நெளி நெளியான தகர பானட். ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் மாட்டு வண்டியைத் தாண்டும்போது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பையன் எட்டிப் பார்த்து "வுய், முசியே!" என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் எனக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது. ஊசுடேரிக்குப் போகும் சாலை அன்று குண்டும் குழியுமாக இருக்கும். கார் படகு மாதிரி முன்னும் பின்னும் ஆடுமே தவிர, நம் முதுகில் ஒரு அடி விழாது. ஏரிக்கரையில் நிறுத்தியதும் முசியே கார் சீட்டைக் கழற்றி வெளியே போட்டு மரநிழலில் உட்கார்ந்து கொள்வார். கார் சீட்டைச் சோபா மாதிரி வெளியே எடுக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன், அந்த ஆட்டம் தற்செயல் இல்லை என்று. 1935-இல் கடனில் மூழ்கிய சித்ரோவன் கம்பெனியை டயர் செய்யும் மிஷ்லன் கம்பெனி எடுத்துக் கொண்டது. பொறுப்புக்கு வந்த பியேர் ஜூல் புலான்ஜே என்பவர், கிராமத்து விவசாயிகள் இன்னும் குதிரை வண்டியில் சந்தைக்குப் போவதைப் பார்த்தார். இவர்களுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று பொறியாளர்களுக்குக் கட்டளை போட்டார். அந்தக் கட்டளை கார் உலகத்தில் பிரசித்தம். மரச்செருப்புப் போட்ட இரண்டு குடியானவர்களும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையை வைத்து ஓட்டினால் ஒரு முட்டையும் உடையக் கூடாது. அழகைப் பற்றிக் கவலை இல்லை.

என்னைக் கேட்டால் கார் சரித்திரத்திலேயே இதைவிட நல்ல அரசாணை கிடையாது. நான் நாற்பது வருடம் அரசாணை படித்தவன், சொல்கிறேன். வாங்கப் போகிறவன் யார், அவன் காலில் என்ன செருப்பு, கையில் என்ன மூட்டை, பையில் எவ்வளவு காசு என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகுதான் பென்சிலைத் தொட்டார்கள்.

1939-இல் வண்டி தயார். அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைப்பதாக இருந்தது. செப்டம்பரில் யுத்தம் வந்துவிட்டது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவற்றை அழித்து, சிலதை ஒளித்து வைத்தார்கள். கடைசியில் 1948 அக்டோபரில்தான் அது வெளியே வந்தது. 375 சி.சி., 9 குதிரைத்திறன், தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் இரண்டு சிலிண்டர் இன்ஜின். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முள் கிடையாது. ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். மழைத் துடைப்பான் ஸ்பீடாமீட்டர் கேபிளில் ஓடும். வண்டி மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகத் துடைக்கும். பத்திரிகைக்காரர்கள் தகர டப்பா என்று சிரித்தார்கள். 'இரண்டு குதிரை' என்ற பெயர்கூட அதன் பலத்தைக் குறிப்பதல்ல. பிரெஞ்சு அரசாங்கம் வரி போடக் கணக்கிடும் குதிரை எண்ணிக்கை அது.

சிரித்தவர்கள் சிரிக்க, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். யுத்தம் முடிந்த நாடு, இரும்புத் தகடு கிடைக்கவில்லை, தொழிற்சாலையால் கொடுத்து மாளவில்லை. காத்திருப்பு மூன்று வருடம் என்றாகி, ஐந்து வருடம் வரைக்கும் போனது. பழைய வண்டி உடனே கிடைக்கும் என்பதால் புதியதைவிட அதிக விலைக்கு விற்றது. இது நமக்குப் பழகிய கதைதானே? ஆனால் அந்த வரிசையில் யாரை முன்னால் விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கிராமத்து டாக்டர், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, ஊர் ஊராகப் போகும் பாதிரியார், சிறு விவசாயி. நடுராத்திரியில் மழையில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்களோ அவர்களுக்கு முதல் வண்டி.

இப்போது நம் பக்கம் வருவோம்.

சுதந்திரம் வந்தபோது இங்கே அமெரிக்க, ஆங்கிலேய வண்டிகள் பாகங்களாக வந்து இறங்கிப் பூட்டப்பட்டுக் கொண்டிருந்தன. பம்பாயில் 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் இதைச் செய்து வந்தது. 1953-இல் சுங்கவரிக் கமிஷன், பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சிபாரிசு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. நாமே செய்ய வேண்டும் என்ற அந்த எண்ணத்தில் தப்பு சொல்ல மாட்டேன். காசும் இல்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் காரில் விட முடியாது. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு. கார் என்றால் இந்த மூன்று வீடுதான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனக்குப் பிடித்த வண்டி. முதலில் இரண்டு கதவு, பிறகு நான்கு கதவு. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தில் ஓடிய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டி. 1950-களின் கடைசியில் உத்தர்பாராவில் புதுப் பெயருடன் பிறந்தது. 2014 மே மாதம் வரை அங்கேயே செய்தார்கள். இடையில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வந்தது. முன் சல்லடையை மாற்றுவார்கள், விளக்கை மாற்றுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அப்பனும் மகனும் பேரனும் ஒரே முகம்.

வாங்குவதற்கு ஒரு சட்டமே இருந்தது: 1959-ஆம் வருடத்து மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை. டீலரிடம் பெயர் பதிய வேண்டும். தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டுப் புத்தகத்தை ஈடாக வைக்க வேண்டும். முறை வரும்போது வண்டி. வாங்கிய வண்டியை இரண்டு வருடத்துக்கு விற்கக் கூடாது. அந்தக் கடைசி விதியே நடந்ததைச் சொல்லிவிடும். புதிய ஃபியட்டை இன்று எடுத்து நாளை விற்றால் லாபம்! உலகத்தில் எந்தச் சாமான் வாசலைத் தாண்டினாலும் விலை குறையும், இது ஏறும். அதனால்தான் அரசாங்கமே விற்காதே என்று கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வரிசைக்குள் வரிசையும் இருந்தது. அரசாங்கத்துக்கு ஒரு ஒதுக்கீடு. பின்னாளில் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி வரவழைத்துக் கட்டினால் சீக்கிரம் கிடைத்தது. நம்மூரில் பாரிசில் பிள்ளை இருந்த வீட்டுக்காரர்கள் சிலருக்கு இதனால் பத்மினி வந்து வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் பதிவு ரசீதைப் பீரோவில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார்.

இதில் நான் உட்கார்ந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1972-இல் எழுத்தராகச் சேர்ந்தேன். சில வருடத்தில் அரசு ஊழியர் முன்பணப் பிரிவுக்கு மாற்றினார்கள். சைக்கிள் முன்பணம், ஸ்கூட்டர் முன்பணம், மோட்டார் கார் முன்பணம் எல்லாம் என் மேஜை வழியாகப் போகும். கார் முன்பணம் வாங்குகிறவர் வண்டியை இந்தியக் குடியரசுத் தலைவர் பெயருக்கு அடமானம் எழுதித் தர வேண்டும். எவ்வளவு பெரிய மனிதரிடம் அடகு பாருங்கள்! பணத்தை வாங்கிய ஒரு மாதத்துக்குள் வண்டியை வாங்கி, ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்சையும் காட்ட வேண்டும். 200 மாதத் தவணை வரை பிடிக்கலாம். முதலில் அசல், பிறகு வட்டி. ஆனால் ஓய்வு பெறுவதற்குள் கணக்கு முடிய வேண்டும். எங்களைப் போன்ற எழுத்தர் சம்பளத்துக்குக் கார் முன்பணம் கிடையாது. மற்றவர்களின் கார் கோப்பைத் தைத்துக் கட்டிய நான் வாங்கியது சைக்கிள் முன்பணமும் பிறகு ஒரு ஸ்கூட்டர் முன்பணமும்தான்.

ஒரு கோப்பை மட்டும் மறக்கவில்லை. ஒரு அதிகாரி, பெயர் வேண்டாம், 52 வயதில் ஃபியட்டுக்குப் பதிந்தார். அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே வராது. ரிக்‌ஷாவில் தூக்கி ஏற்றி ஜிப்மருக்குக் கொண்டு போவார். வரிசையில் முன்னால் விட வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார். அந்தப் படிவத்தில் பதவி எழுதக் கட்டம் இருந்தது, துறை எழுதக் கட்டம் இருந்தது. எதற்காக வேண்டும் என்பதற்குக் கட்டமே இல்லை. அவர் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். அவர் முறை வந்தபோது வயது 57 தாண்டிவிட்டது. ஓய்வு வயது அன்று 58. மீதமிருந்த ஐந்தாறு மாதச் சம்பளத்தில் பிடிக்கக் கூடிய தொகைக்கு மேல் முன்பணம் அனுமதிக்க விதியில் இடமில்லை என்று குறிப்பு எழுதியவன் நான்தான், விதி அப்படித்தான். ஒதுக்கீட்டுக் கடிதத்தை மட்டும் கொடுங்கள், மேலே பத்தாயிரம் தருகிறேன் என்று ஒரு வியாபாரி அவர் வீட்டுக்கே வந்தாராம். அவர் மறுத்துவிட்டு, வேண்டாம் என்று டீலருக்கு எழுதிப் போட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் இருந்தார்கள்.

பிரான்சின் வரிசை நீ என்ன வேலைக்குப் போகிறாய் என்று கேட்டது. நம் வரிசை நீ யார் என்று கேட்டது. இரண்டு காத்திருப்பும் ஒன்றல்ல என்று நான் சொன்னது இதைத்தான்.

எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு. என் நண்பர், பழைய பிரெஞ்சு ராணுவ சொல்தா, இதைச் சொல்லி என்னை மடக்குவார். "இரண்டு குதிரையும்தானேய்யா 1948 முதல் 1990 வரை நாற்பத்திரண்டு வருஷம் ஒரே மூஞ்சியோட வந்தது? அம்பாசடரை மட்டும் ஏன் திட்டறே?" என்பார். நியாயமான கேள்வி. முகம் மாறவில்லை, சரி. ஆனால் 375 சி.சி. இன்ஜின் 425 ஆயிற்று, கடைசியில் 602-க்கு வந்தது. காரணம், எதிர்த்த வீட்டில் ரெனோ உட்கார்ந்திருந்தது. 1961-இல் ரெனோ 4 என்று ஒன்றை, ஏறக்குறைய அதே குடியானவனுக்காக, கொண்டு வந்தார்கள். பிடிக்காவிட்டால் வாங்குகிறவன் தெருவைக் கடந்து போய்விடுவான். நம் ஊரில் கடந்து போக எதிர்த் தெருவே இல்லை. போகவும் மாட்டான், போக முடியவும் முடியாது என்று தெரிந்தால் எந்தத் தொழிற்சாலை கதவுக் கைப்பிடியைச் சரி செய்யும்? சிறிய கார், மலிவான கார் வேண்டும் என்று 1960-லிருந்தே கமிட்டி போட்டுப் பேசினார்கள். வந்தது எப்போது? 1983 டிசம்பர் 14-ஆம் தேதி, இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தபோது.

அம்பாசடரைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சொந்தமாக வைத்துக் கொள்வது என்ற விஷயத்தில் அதற்கு நிகர் இல்லை. பின் சீட்டில் மூன்று பெரியவர், நடுவில் குழந்தை, டிக்கியில் அரிசி மூட்டை. வேட்டி கட்டியவர் குனியாமல் ஏறி இறங்கலாம். பேட்டரி படுத்துவிட்டால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் கிளம்பும். பானட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றி ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். திண்டிவனம் சாலையில் எந்தப் புளியமரத்தடியில் நின்றாலும் அதைச் சரி செய்யத் தெரிந்த ஒரு பையன் இருப்பான். இரண்டு குதிரையிலும் இதே குணம்தான். நாலு சாவி இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். முசியே அதை வீட்டு வாசலிலேயே செய்வார், நாங்கள் போல்ட்டுகளை டப்பாவில் போட்டு வைப்போம். அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது வண்டியையும் கப்பலேற்றிக் கொண்டு போய்விட்டார். எங்களுக்கு அவர் போனதைவிட அது போனதுதான் வருத்தம்.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் வீட்டுக்காரி சீட்டுப் பணத்தில் ஒரு பழைய ஃபியட் வாங்கினோம். பன்னிரண்டு வயது வண்டி, கை கியர். வாங்குவதற்கு முன் நான் வண்டியைப் பார்த்ததைவிட அதை வைத்திருந்த டாக்டரைத்தான் அதிகம் பார்த்தேன். ஆயில் மாற்றிய தேதியைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டுக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று வைத்துக் கொள்ளுங்கள். பதினான்கு வருடம் ஓட்டினேன். எழுதுவதை நானும் நிறுத்தவில்லை. விற்கும்போது இரண்டு நோட்டாக இருந்தது.

ஆகவே யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் புலான்ஜே மாதிரி கேட்கிறேன். யார் ஏறுவார்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா? அப்படியானால் தாழ்வான வண்டி வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் ஓடும்? மழைக்காலத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்? வண்டியை நிறுத்த இடம் வீட்டுக்குள்ளா, ரோட்டிலா? நடந்து போகும் தூரத்தில் மெக்கானிக் இருக்கிறாரா? மாதத் தவணை போக, டயருக்கும் இன்சூரன்சுக்கும் தனியாக வைத்திருக்கிறீர்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாற்பது வண்டி மூன்றாகச் சுருங்கிவிடும். அந்த மூன்றில் எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம். நிறத்தை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நாலு வருடத்துக்கு ஒரு முறை வண்டி மாற்றும் வழக்கம் மட்டும் எனக்கு ஒத்து வரவில்லை. நாலாவது வருடத்தில்தான் ஒரு வண்டி எந்த இடத்தில் முனகும் என்று நமக்குத் தெரிய வருகிறது. அப்போது போய்த் தள்ளிவிடுவார்களா?

கடைசியாக ஒரு செய்தி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு விற்றது. வாங்கியது யார் தெரியுமா? பேர்ழோ சித்ரோவன் குழுமம். இரண்டு குதிரையைச் செய்த அதே வீடு. நான்கு வருடம் கழித்து 2021-இல் சித்ரோவன் இந்தியாவுக்கு வந்தது. அதன் சிறிய கார் சி3 நம் திருவள்ளூரில்தான் தயாராகிறது. அம்பாசடர் என்ற பெயரில் இதுவரை அவர்கள் எந்த வண்டியும் விடவில்லை. சென்ற வருடம் சென்னையில் மருமகனுடன் ஒரு ஷோரூமுக்குப் போய் அந்த சி3-ஐப் பார்த்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. சீட்டைக் கழற்றி வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டேன். விற்கும் பையன் என் மருமகனைப் பார்த்தான். மருமகன், "மாமா, வாங்க போகலாம்" என்றார்.